ஒத்தக்கால் ஆட்டக்காரன்

மெட்டுகுடா
11-7-2024

மச்சான் திருநாவுக்கரசு அவர்களுக்கு,

அவர்களுக்குன்னு போட்டது மரியாதையில இல்ல, கோவத்துல. போன சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுல, என் கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, உன் தங்கச்சி புஷ்பா போட்டுக் குடுத்த டீயைக் குடிச்சிகினே நீ சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்குதா? "ஒத்தக்காலை வச்சிகினு ஆடறவன்லாம் ஒரு ஆட்டக்காரனா?" எனக்கு வலது காதுல கத்தினாத்தான் கேக்கும்னு கத்தியே சொன்னே. எதிர் வீட்டு கனகவல்லியம்மா சன்னலைத் தொறந்து பாத்தாங்க.

மரடோனாவைத்தான் சொன்னே. தெரியும்யா. நாப்பது வருஷமா அவனுக்கு நீ வச்ச பேரு அதான். இடது காலைத் தவிர அவனுக்கு வேற கால் கெடையாதாம். ஆனா அதுக்கு நாலு நாளைக்கு முன்னாடிதான் என் இடது கால் கட்டைவிரலை டாக்டர் எடுத்தாரு. கட்டுப் போட்ட காலைத் தலகாணி மேல தூக்கி வச்சிகினு படுத்திருக்கறவன்கிட்ட வந்து ஒத்தக்காலுன்னு சொல்லுவியா நீ? வேற வார்த்தையே கெடைக்கலையா உனக்கு?

நான் "வெளிய போடா"ன்னேன். ஹவ், ஆமா, சொன்னேன். பொண்டாட்டியோட அண்ணனை டா போட்டது தப்பு, அதுக்கு மட்டும் மன்னிச்சிக்கோ. ஆனா நூறு தடவை சொல்லியிருக்கேனே, ஒரு தடவையாவது போனியா? தெருமுனை வரைக்கும் போவே, ஒரு சிகரெட் புடிப்பே, திரும்பி வந்து மறுபடியும் பீலேன்னு ஆரம்பிப்பே. இந்தத் தடவை கைக்கு? ஏன் நெஜமாவே போனே? மறுநாள் காலையில குஷாய்குடா வீட்டைப் பூட்டிகினு ஓசூருக்கு மக வீட்டுக்குப் போயிட்டியாம். புஷ்பா உன் பக்கத்து வீட்டுல கேட்டுத் தெரிஞ்சிகினா. உக்காந்து அழுதா.

சரி, சண்டைன்னு வந்தாச்சு, சொல்லிடறேன். நீ பீலே ஆடி ஒரு முழு மேட்ச் பாத்திருக்கியா? பேப்பர்ல வந்த போட்டோவை வெட்டி நோட்டுல ஒட்டினவன்தானே. நான் மரடோனாவைக் கண்ணால பாத்தேன், எண்பத்தாறுல, ரயில்வே இன்ஸ்டிடியூட் டீவியில. இங்கிலாந்து மேட்சுல பாதி கிரவுண்டைத் தாண்டி ஓடினான், வந்தவனையெல்லாம் ஏமாத்தினான், கோலியையும் ஏமாத்தினான், பந்து ஒரு தடவைகூட வலது காலுல படலை. ஒத்தக்காலுதான். அதான் என் கட்சி. நல்ல காலா இருந்தா ஒண்ணு போதும்டா சாமி.

என் நல்ல கால் எதுன்னு உனக்குத் தெரியும். ஒர்க்ஷாப் டீமுக்கு இருவது வருஷம் லெப்ட் அவுட் ஆடின காலு. இந்த மே தினத்து ரிடையர் ஆனவங்க மேட்சுல ஷூவுக்குள்ள ஒரு ஜல்லிக்கல்லு இருந்திருக்குது, அது மேலயே ஒரு மணி நேரம் ஓடியிருக்கேன், தெரியலை. சக்கரை வந்த காலுக்கு உணர்ச்சி எங்க இருக்குது? புஷ்பா திட்டுவான்னு ஆறு வாரம் மறைச்சி வச்சேன். உன்கிட்ட மட்டும்தான் காட்டினேன். நீதான் ஜூன்ல அவளுக்குத் தெரியாம என்னை அந்தச் சின்ன க்ளினிக்குக்குக் கூட்டிகினு போனே. அப்படிப்பட்டவன் சொன்ன வார்த்தைன்னுதான் தாங்கலை.

போன்ல பேசினா எனக்குக் கேக்காது. வாட்ஸப்புல கட்டைவிரலால குத்தி எழுத வராது. கடுதாசிதான் போடுவேன். பதில் போடு.

குமரவேல்

*

ஓசூர்
17-7-2024

அன்பு மாப்பிள்ளை குமரவேலுக்கு,

தங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. நலமே. சுபாஸ்ரீக்கு இரண்டாவது குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பும் நேரம், பெரியவளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வர ஆள் வேண்டும் என்றாள், ஆகையால்தான் உடனே புறப்பட்டேன். நீங்கள் போகச் சொன்னதால் அல்ல. அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் கட்டுப் போட்ட கால் கண்ணில் பட்டது. அல்லது

(மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம். உங்கள் புத்தி எனக்குத் தெரியும்.)

ஆயினும் வாதம் என்று வரும்போது விட்டுக்கொடுக்க முடியாது. பீலே ஆடி நான் பார்த்ததில்லை என்கிறீர்கள். சுபாஸ்ரீயின் டீவியில் இப்போது எல்லாம் வருகிறது. பதினேழு வயதில், உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பந்தை மார்பில் வாங்கி, மறிக்க வந்தவன் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு, அது தரையில் விழுமுன் அடித்தாரே, அந்த ஒரு கோலை நேற்று ஒன்பது முறை பார்த்தேன். மூன்று உலகக் கோப்பை. இரண்டு கால். தலை வேறு. உங்கள் ஆள் அதே இங்கிலாந்து ஆட்டத்தில் கையால் தட்டிக் கோல் போட்டார், அதைக் கடவுளின் பேரில் எழுதிவிட்டார். நான் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். வராத சரக்கை வந்ததாக எழுதினால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

காயம் ஆறி வருகிறதா? கட்டு மாற்றும்போது நீர் வடிகிறதா, நாற்றம் இருக்கிறதா, விரல்களின் நிறம் என்ன என்று விவரமாக எழுதவும். டாக்டர் என்னென்ன கேட்கிறார் என்பதையும் எழுதவும்.

புஷ்பாவிடம் நான் நலம் என்று சொல்லவும்.

தி. திருநாவுக்கரசு

*

மெட்டுகுடா
24-7-2024

மச்சான்,

நேர்ல வாடா போடா, கடுதாசியில நீங்கள் உங்கள். யாருக்கு எழுதறே, ஜெனரல் மேனேஜருக்கா? நக்கோ, வேணாம் இதெல்லாம். ஒழுங்கா எழுது.

அடிச்ச வரியை வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தேன். ஒண்ணும் தெரியலை. நல்லா அடிச்சிருக்கே.

நேத்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தப் போனோம். கட்டைவிரல் இருந்த எடம் மூடவே இல்ல. பக்கத்து ரெண்டு விரலும் கறுத்துப் போச்சு. நீ நாத்தம் இருக்குதான்னு கேட்டே இல்ல, இருக்குது. புஷ்பா சாம்பிராணி போடறா, எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிகினு. எலும்புக்குள்ள போயிருக்குதுன்னு இப்ப ஒரு புது டாக்டர் சொல்றாரு. ஜூன்ல மொதமொதல்ல காட்டினப்ப என்ன மாத்திரை குடுத்தாங்க, எத்தினி நாள் குடுத்தாங்கன்னு கேக்கறாரு. அந்தக் க்ளினிக் சீட்டு கொண்டாங்கன்னாரு. புஷ்பா பீரோவைக் கவுத்துப் போட்டுத் தேடிட்டா. கெடைக்கலை. க்ளினிக்குல போய்க் கேட்டா, அந்த டாக்டரம்மா ஊருக்கே போயிட்டாங்களாம், நகலெல்லாம் இல்லையாம். என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கு ஃபைலை நீதானே கையில வச்சிருந்தே? உன் சட்டைப் பாக்கெட்டுல பாரு. பையில பாரு. கெடைச்சா ஒடனே அனுப்பு.

வெங்கட் கச்சிபௌலியிலேர்ந்து தெனம் வந்துட்டுப் போறான். ஆபீஸ் முடிஞ்சி டிராபிக்குல ஒன்றரை மணி நேரம். எம் புள்ளைதான், ஆனா உன் கட்சியும் இல்ல என் கட்சியும் இல்ல, மெஸ்ஸி கட்சி. போன்ல காட்டினான், இந்த மாசம் கோபா பைனல்ல மெஸ்ஸிக்குக் கணுக்கால் வீங்கிப் போச்சு, பாதியில வெளிய கூட்டிகினு வந்துட்டாங்க. பெஞ்சுல உக்காந்து கையால மூஞ்சிய மூடிகினு குழந்தை மாதிரி அழறான் மச்சான். அவ்ளோ கோப்பை வாங்கினவன். எந்தக் காலுன்னு கேட்டேன். வலதாம்.

நான் பாத்துகினே இருந்தேன். அவனுக்கு வலிக்குது, அழறான். எனக்கு வலியே இல்ல. ஊசியை வச்சிக் குத்திக் குத்திக் காட்டறாரு டாக்டர், ஒண்ணுமே தெரியலை. அதான் எனக்குப் பயமா இருக்குது. இதை நான் புஷ்பாகிட்ட சொல்ல முடியாது, வெங்கட்டுகிட்ட சொல்ல முடியாது.

சீட்டைத் தேடு.

குமரவேல்

*

ஓசூர்
1-8-2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

சீட்டு என்னிடம் இல்லை. சட்டை, பை, பெட்டி எல்லாவற்றிலும் பார்த்துவிட்டேன். அன்றைக்கு இருந்த குழப்பத்தில் ஆஸ்பத்திரியிலேயே விழுந்திருக்கும். மாத்திரை என்று நினைவிருப்பது, வெள்ளையும் நீலமுமாக ஒரு கேப்ஸ்யூல், காலை மாலை, ஐந்து நாள். அதன் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மற்றபடி மெஸ்ஸியை நீங்கள் சேர்த்துக்கொண்டதால் சொல்கிறேன். ஒரு ஆட்டக்காரனை எடைபோட வேண்டுமானால் அவன் எந்தக் காலத்தில் ஆடினான், எதிரிகள் எப்படி உதைத்தார்கள், அதற்கு நடுவர் என்ன செய்தார் என்றெல்லாம் பார்க்க வேண்டும். அறுபத்தாறில் பீலேயை உதைத்தே வெளியேற்றினார்கள். அப்போது மாற்று ஆள் இறக்கும் விதியும் கிடையாது. நொண்டிக்கொண்டே

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்து எழுதுகிறேன். எதைப் பற்றி ஆரம்பித்தாலும் காலில் வந்து நிற்கிறது.

டாக்டரிடம் வேறு வழி இருக்கிறதா என்று கேட்கவும். இங்கே ஓசூரில் ஒருவரை விசாரித்தேன். ரத்தக் குழாயை விரித்துவிட்டால் விரலோடு நிறுத்த முடியும் என்கிறார், ஆனால் சீக்கிரம் வந்திருந்தால் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். இரண்டாவது ஆலோசனை கேளுங்கள். மூன்றாவதும் கேளுங்கள். வெங்கட்டை நெட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னால் இங்கிருந்து வேறென்ன செய்ய முடியும்?

தி. திருநாவுக்கரசு

*

மெட்டுகுடா
10-8-2024

மச்சான்,

மூணு டாக்டரும் ஒண்ணுதான் சொல்லிட்டாங்க. விரலும் இல்ல, பாதமும் இல்ல. முழங்காலுக்குக் கீழ நாலு விரல்கடை விட்டு எடுக்கறாங்க. பத்தொன்பதாம் தேதி, திங்கக்கிழமை காலையில. விட்டா உசுருக்கே ஆபத்தாம். வெங்கட் ஒரு பேப்பர்ல தெலுங்குல பெருசு பெருசா எழுதிக் காட்டினான், எனக்குக் காது கேக்காதேன்னு. எழுதும்போதே அழுதான். காகிதம் நனைஞ்சி எழுத்து கலைஞ்சி போச்சு, மறுபடி ஒரு தடவை எழுதினான். ஒரே சேதியை ரெண்டு தடவை படிச்சேன்.

நான் கையெழுத்து போட்டுட்டேன். முப்பத்திரண்டு வருஷம் ஸ்மித்தி ஷாப்புல சம்மட்டிக்கு நடுவுல நின்னு காதைக் குடுத்தேன், அதுக்கே நான் அழலை. இதுக்கு அழுதேன். இந்தக் காலால நான் போட்ட கார்னர் பந்தை நீ எத்தினி தடவை தலையால இடிச்சி கோல் போட்டிருக்கே? அந்த கோலெல்லாம் உன் பேருல இருக்குது. பந்து அங்க வந்தது எப்படின்னு யாரும் கேக்கலை. சும்மா சொல்றேன், கோவமில்ல.

இப்ப கேளு. பதினெட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை நீ இங்க இருக்கணும். ஒண்ணும் பண்ண வேணாம். கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரு. ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிகினு போற வரைக்கும் என் வலது காதுல எதையாச்சும் கத்திகினே இரு. புஷ்பா கத்தினா அழுகையா வருது, வெங்கட்டுக்குக் கூச்சம், சத்தமே வர மாட்டேங்குது. உன் குரல்தான் எனக்கு நல்லா கேக்கும்.

நீ ஒத்தக்கால்னு சொன்னதெல்லாம் நான் மறந்துட்டேன். அதுக்காக வராம இருக்காதே. இன்னா வேணும் உனக்கு? எழுதித் தரணுமா? எழுதித் தரேன். பீலேதான் பெரிய ஆட்டக்காரன். மரடோனா ரெண்டாவது. இதோ கையெழுத்து போட்டிருக்கேன். இன்ஸ்டிடியூட் வாசல்ல ஒட்டிக்கோ. ஆனா வா மச்சான்.

கு. குமரவேல்

*

ஓசூர்
14-8-2024

குமரவேலு,

நீ கேட்ட மாதிரி ஒழுங்கா எழுதறேன். நான் வரலை. வர முடியாது. ஏன்னு இதுல எழுதறேன், படிச்சிட்டு நீயே வர வேணாம்னு சொல்லிடுவே.

சீட்டு என்கிட்டதான் இருக்குது. இந்தக் கவருக்குள்ள வச்சிருக்கேன் பாரு. அது விழலை. அன்னிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில ஃபைல்லேர்ந்து நான்தான் உருவி பனியனுக்குள்ள வச்சிகினேன்.

ஜூன் பதினாலு ஞாபகப்படுத்திக்கோ. அந்தக் க்ளினிக்குல வடக்கேயிருந்து வந்த சின்னப் பொண்ணு, டாக்டரம்மா, நம்ம ஊருக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகலையாம். உனக்குக் காது கேக்காதுன்னு என்னைத்தான் இந்தியில கேட்டாங்க. காயம் எப்ப ஆச்சு? கப் லகா? நான் டக்குனு சொன்னேன், பர்ஸோ லகா மேடம்.

பர்ஸோ. நம்ம ஊருல பர்ஸோன்னா என்னன்னு உனக்குத் தெரியும். முந்தாநாளும் பர்ஸோ, போன மாசமும் பர்ஸோ. பர்ஸோதான் மரடோனா இங்கிலாந்துக்கு கோல் போட்டான்னு நீயே சொல்லுவே, அது ஆகி முப்பத்தெட்டு வருஷம். யாராச்சும் நம்மள ஒரு நாளாவது திருத்தியிருக்காங்களா? நம்ம பேச்சு அது. ஆனா அந்தப் பொண்ணு ஊருல பர்ஸோன்னா முந்தாநாள்தான். வேற அர்த்தமே கெடையாது. சீட்டுல பாரு, மேலேர்ந்து மூணாவது வரி. இங்கிலீசுல ரெண்டு நாள்னு எழுதியிருக்காங்க. காயத்துக்கு அப்ப ஆறு வாரம் வயசு, குமரவேலு.

மேலே தோல் மூடியிருந்தது. முந்தாநாள் கல்லு குத்தினதுன்னு நெனைச்சிக் கழுவிக் கட்டுப் போட்டு, அஞ்சு நாள் மாத்திரை குடுத்து, ரெண்டு வாரம் கழிச்சி வாங்கன்னு அனுப்பிட்டாங்க. எக்ஸ்ரே எடுக்கலை. உள்ள எலும்பு வெந்துகினு இருந்திருக்குது. அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு? நான் அந்தக் கிறுக்கல்ல ரெண்டை மட்டும்தான் பாத்தேன். ரெண்டு வேளை மாத்திரைன்னு நெனைச்சேன். வாழ்க்கை பூரா வந்த சரக்கு தேதியைச் சரிபார்த்து எழுதின கை இது. உன் காலுக்கு ஒரு தேதியைச் சரியாச் சொல்ல வரலை.

உனக்குக் காய்ச்சல் வந்து பெரிய ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கு அந்த டாக்டர் சீட்டைப் படிச்சிட்டு, ரெண்டு நாள் காயமா இது, யார் சொன்னதுன்னு கேட்டாரு. வெங்கட் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். புஷ்பா மருந்து வாங்கற வரிசையில நின்னுகினு இருந்தா. நீ என் மூஞ்சியைப் பாத்துகினு இருந்தே, நான் இன்னா சொல்றேன்னு தெரிஞ்சிக்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் எனக்குத் தெரியாது சார்னு சொன்னேன். அவர் திரும்பினதும் சீட்டை உருவிட்டேன்.

அப்புறம் உன் விரலை எடுத்தாங்க. நான் தெனம் வந்து உன் பக்கத்துல உக்காந்தேன். புஷ்பா எனக்கு டீ குடுத்தா. அண்ணா நீ மட்டும் இல்லேன்னா இவரு டாக்டர்கிட்டயே போயிருக்க மாட்டாருன்னு சொன்னா. அதைத்தான் தாங்க முடியலை. நீ என்னை அடிச்சி வெரட்டினாத் தேவலைன்னு இருந்தது. உனக்கு எந்த வார்த்தை சுடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒத்தக்கால்னு கத்தினேன். மரடோனாவை நான் என்னைக்குடா வெறுத்தேன்? அந்த இங்கிலாந்து கோலைப் பாத்து எழுந்து நின்னு முதல்ல கை தட்டினவனே நான்தான், நீ கவனிக்கலை. நீ வெளிய போடான்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாரு, அதுதான் நான் பண்ணதுலயே கேவலம்.

நீ சீட்டு கேட்டு எழுதினப்பகூட இல்லைன்னு எழுதினேன். மாத்திரை பேரு என் கையில இருந்தது. எழுதியிருந்தா ஏதாச்சும் உதவியிருக்குமா, தெரியலை. இங்க அந்த ஓசூர் டாக்டரை மறுபடி போய்க் கேட்டேன். அவரு என்னைப் பாத்து, யாருக்கு சார் கால்னு கேட்டாரு. எழுந்து வெளிய வந்துட்டேன்.

நீ பீலேதான் பெரியவன்னு எழுதிக் கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கே. நாப்பது வருஷமா உன் வாயிலேர்ந்து அதை வாங்கணும்னு இருந்தேன். இப்படி வாங்கவா? அந்தக் காகிதத்தைக் கையில வச்சிகினு பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன். அதைத் திருப்பி அனுப்பறேன். எனக்கு வேணாம்.

புஷ்பாவுக்கு நீ சொல்லிடு. எனக்குத் தைரியம் இல்ல.

திருநாவுக்கரசு

*

மெட்டுகுடா
8-9-2024

மச்சான்,

உன் கடுதாசி வந்த அன்னிக்கு நான் மயக்கத்துல இருந்தேன். ஆபரேஷனுக்கு மறுநாள் வந்துது. புஷ்பா தன் பையில போட்டு வச்சிருந்து, வீட்டுக்கு வந்தப்புறம், வெள்ளிக்கிழமைதான் குடுத்தா.

கால் போயிடுச்சு. போர்வைக்கு அடியில எடம் காலியா இருக்குது. இருந்தப்ப ஊசி குத்தினா தெரியலை, இப்ப இல்லாத கட்டைவிரல் வலிக்குது. யார்கிட்ட சொன்னாலும், அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போறாங்க.

நாலு தடவை படிச்சேன். முதல் தடவை ஒண்ணும் புரியலை. ரெண்டாவது தடவை, நீ எதிர்ல இருந்திருந்தா கையில இருந்த ஊன்றுகோலால அடிச்சிருப்பேன். சத்தியமாச் சொல்றேன். பர்ஸோன்னு சொன்னதுக்கு இல்ல. அது என் வாயில வந்திருந்தாலும் அதான் வந்திருக்கும். ஆறு வாரம் மறைச்சவன் நான், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா பெரிய டாக்டர் கேட்டப்ப தெரியாதுன்னே பாரு. நான் சீட்டு கேட்டு எழுதினப்ப இல்லைன்னே பாரு. கேக்காத காதை வச்சிகினு நான் உன் மூஞ்சியைத்தானே நம்பிகினு உக்காந்திருந்தேன். கோவம் இருக்குது. போகலை. எப்ப போகும்னு தெரியலை, போகும்னும் சொல்ல மாட்டேன்.

டாக்டர் கட்டுப் பாக்க வீட்டுக்கு ஆள் அனுப்பறாரு. நேத்து அவரே வந்தாரு. நான் ஒரு காகிதத்துல எழுதிக் கேட்டேன், ஜூன்லயே ஆறு வாரம்னு தெரிஞ்சிருந்தா கால் இருந்திருக்குமான்னு. பேனாவை வாங்கினாரு. சொல்ல முடியாதுன்னு எழுதினாரு. அதுக்கு மேல நானும் கேக்கலை. இருந்திருக்கும்னு எழுதிட்டாருன்னா அப்புறம் உன்னை நான் இன்னா பண்றது? இருந்திருக்காதுன்னு எழுதிட்டா இந்தக் கோவத்தை எங்க கொண்டுபோய் வைக்கறது?

இப்ப முக்கியமான விஷயம். வெள்ளிக்கிழமை நான் உன் கடுதாசியைப் படிச்சிகினு இருந்தப்ப கண்ணுல தண்ணி வந்துடுச்சு. புஷ்பா பாத்துட்டா. அவ படிச்சது தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்து தெரியாதுன்னு உனக்குத் தெரியும். வெங்கட்டுக்கும் தெரியாது. இந்த வீட்டுல உன் கடுதாசியைப் படிக்க என்னை விட்டா ஆள் கெடையாது. என் காது கிட்ட வந்து, அண்ணன் இன்னா எழுதியிருக்குதுன்னு கத்தினா. ஆபரேஷனுக்கு நீ வரலைன்னு அவளுக்கு அவ்ளோ ஆத்திரம், அண்ணனே இல்லைன்னு நெனைச்சிக்கறேன்னு சொல்லிகினு இருந்தவ. ஆனாலும் வந்து கேட்டா.

நீ சொல்லச் சொன்னே. வாயைத் தொறந்தேன். அவ மூஞ்சியைப் பாத்தேன். ரெண்டு மாசத்துல பாதியா எளைச்சிட்டா மச்சான். அப்பா அம்மா இல்ல, கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன். என்னால முடியலை.

மரடோனாதான் பெரிய ஆட்டக்காரன்னு உங்க அண்ணன் ஒத்துகினு எழுதியிருக்கான்னு சொன்னேன்.

என் கையிலேர்ந்து கடுதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் சிரிச்சா. கால் எடுத்தப்புறம் அவ சிரிச்சி நான் பாக்கறது அதான் மொதல் தடவை. "இதுக்கா அழறே? இதை எழுதவா அதுக்கு இத்தினி பக்கம்?"ன்னு கேட்டா. முந்தானையால என் மூஞ்சியைத் தொடைச்சா. வெங்கட் வந்ததும் அவன்கிட்ட சொன்னா, மாமாவா ஒத்துகினாருன்னு அவன் தெலுங்குல நாலு தடவை கேட்டான். எதிர் வீட்டுல சொல்லிட்டா. எங்க அண்ணனுக்கு இவரு மேல எவ்ளோ பாசம் பாருங்க, இவருக்கு ஆறுதலா இருக்கட்டும்னு கட்சியையே மாத்திகினு எழுதியிருக்குதுன்னு சொல்றா.

ஒடனே உனக்குப் போன் பண்றேன்னு எடுத்தா. நான் கையைப் புடிச்சி நிறுத்தினேன். மொதல்ல நான் பதில் போடறேன், அப்புறம் பண்ணுன்னு கெஞ்சி வச்சிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கிழமை, பதினஞ்சாம் தேதி பண்ணுவா. அதுக்குள்ள உனக்குக் கெடைக்கணும்னுதான் இதை ஸ்பீடு போஸ்ட்டுல அனுப்பச் சொல்றேன். அவளே எடுத்துகினு போய்ப் போடுவா.

பண்ணா மொத வார்த்தையே அதைத்தான் கேப்பா. மரடோனான்னு சொல்லு. தயங்காதே, தயங்கினா கண்டுபிடிச்சிடுவா. தீபாவளிக்கு நீ இங்க வந்துதான் ஆவணும், வரலைன்னா ஏன்னு கேப்பா. வந்தா இன்ஸ்டிடியூட்டுல நம்ம ஆளுங்க சூழ்ந்துகினு கேப்பாங்க, அங்கேயும் மரடோனாதான். பேத்திங்க கேட்டாலும் அதான். பீலே பேரை நீ ஒரு தடவை எடுத்தா, அப்ப அந்தக் கடுதாசியில இன்னாதான் இருந்ததுன்னு அவ கேப்பா.

நான் சாகற வரைக்கும், எனக்கப்புறம் நீ சாகற வரைக்கும், மரடோனாதான். சொல்லிப் பழகிக்கோ.

குமரவேல்